அறுபத்து நாலுக்குக் கீழே

ஊசியம்மாவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள் என்பது ஒன்று. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தைச் சொல்பவர்கள் அவள் பக்கத்தில் இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

ஆனால் அவளிடம் கை நீட்டியவர்கள் யாரும் வலித்தது என்று சொன்னதில்லை. ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிற ஆட்களை அவள் கதவருகிலேயே கண்டுபிடித்துவிடுவாள். "கூட யாரு வந்திருக்கீங்க? வெளியே என்ன வேடிக்கை? உள்ள வந்து இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று அதட்டுவாள். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் பாதி மயக்கம் ஓடிவிடும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவ்வளவு தெரிந்தவள் குதிரை விஷயத்தில் எப்படிக் கோட்டைவிட்டாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஊசியம்மா குதிரை ஓட்டுவாள். வட்டமாகச் சுற்றிவரும் பந்தயக் குதிரை அல்ல. மேடு பள்ளம், ஓடை, சரளைக் கல் எல்லாம் தாண்டி ஒரே நாளில் எண்பது கிலோமீட்டர் போகும் நெடுந்தூர ஓட்டம். முப்பது வயதில் பிடித்த பைத்தியம், ஐம்பத்து மூன்றிலும் விடவில்லை. முதல் வருஷம் அறுபத்தோரு குதிரைகள் ஓடின. அவளுக்கு இருபத்து மூன்றாவது இடம். அப்போதெல்லாம் வருஷத்துக்கு நாலு ஓட்டம் நடக்கும், குதிரை கட்ட இடம் கிடைக்காமல் ஆட்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவர் மேய்ச்சல் நிலத்தில் வீடு கட்டிவிட்டார். ஒருவர் வீட்டில் பிள்ளைகள் குதிரையின் நாற்றமே ஆகாது என்றுவிட்டார்கள். பழைய பாதையின் நடுவே பெரிய சாலை வந்தது, அதைச் சாக்காக வைத்து பத்துப் பேர் ஒரே வருஷத்தில் கழன்றுகொண்டார்கள். நாலு ஓட்டம் இரண்டாகி, இரண்டு ஒன்றாயிற்று. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது ஊசியம்மாவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். உள்ளுக்குள் மட்டும், போன தடவை தனக்கு முன்னால் வந்தவர்களில் யார் யார் போனார்கள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். இருபத்து மூன்று பதினாலாயிற்று. பதினாலு ஒன்பதாயிற்று. ஒன்பது ஐந்தாயிற்று. ஓட்டம் தேய்ந்துகொண்டிருந்ததை இவள் தன் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்படியே போயிருந்தால் என்றைக்கோ முதலிடம் வந்திருக்கும். நடுவில் சின்னவள் வந்து சேர்ந்தாள்.

சின்னவள் என்றால் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்னால் ஒரே கொட்டகை. கல்யாணமாகி வந்த புதிதில் தையல் மிஷினும் தானுமாக முடங்கிக் கிடந்தவளை, "சும்மா உட்கார்ந்திருக்கியே, வா, ஏறிப் பாரு" என்று குதிரைமேல் ஏற்றிவிட்டதே ஊசியம்மாதான். கடிவாளம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். கருப்பன் என்ற குதிரையைப் பார்த்து வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். முதல் வருஷம் சின்னவள் கடைசியில் வந்தாள். ஊசியம்மாவுக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. இரண்டாவது வருஷம் சின்னவள் இவளுக்கு முன்னால் வந்தாள். பொங்கிய பாசம் அன்றோடு அடங்கியது.

அதற்கப்புறம் பதினொரு வருஷமாகச் சின்னவள் முன்னால்தான். அதிகம் இல்லை, இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். ஒரேயடியாக அரை மணி நேரம் முந்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஓட்டம் முடிந்து இறங்கியதும் சின்னவள் வாயெல்லாம் பல்லாக எல்லோரிடமும் சொல்வாள்: "எல்லாம் எங்க அக்கா கத்துக்கொடுத்ததுதான்." திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். இதற்கு என்ன செய்வது? ஊசியம்மாவும் சிரிப்பாள். வயிறு எரியும்.

எரிச்சல் உச்சிக்கு ஏறியது செப்புத் தகடு விஷயத்தில். ஒரே ஆள், ஒரே குதிரை, சேர்ந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் முடித்தால் இருவர் பெயரையும் பொறித்துச் சங்கம் ஒரு தகடு கொடுக்கும். ஊசியம்மாவும் அவளுடைய முதல் குதிரையும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வரை வந்தார்கள். இன்னும் இரண்டே ஓட்டம். அப்போதுதான் ஒரு காலையில் அந்தக் குதிரை வயிற்றுவலியில் புரண்டு செத்துப்போனது. அதற்கு ஏழு வருஷம் ஆகிறது. வேறு குதிரை வந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். செவலை என்ற பெண்குதிரையோடு அவள் தொடங்கினாள். இப்போது சின்னவளும் கருப்பனும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் நின்றார்கள். இன்னும் ஒரே ஓட்டம். கருப்பனுக்கும் வயதாகிவிட்டது, பதினேழு.

இந்த வருஷம் பெயர் கொடுத்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். ஊசியம்மா, சின்னவள், மருந்துக்கடைக்காரர். மூன்றுக்குக் குறைந்தால் ஓட்டமே கிடையாது என்பது சங்கத்தின் சட்டம். ஊசியம்மா பெயர் கொடுக்காமல் இருந்திருந்தால் போதும், தகடும் இல்லை, ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தைக் கைப்பைக்குள் வைத்து ஒன்பது நாள் அலைந்தாள். பத்தாவது நாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று பேர் ஓட்டத்தில் முதலிடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு, எப்படி விடுவது என்பதுதான்.

ஓட்டத்தின் சட்டம் எளிது. எண்பது கிலோமீட்டரை மூன்று சுற்றாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கிளம்பிய இடத்துக்கே வந்து, கயிறு கட்டிய வளையத்துக்குள் குதிரையை நிறுத்த வேண்டும். கால்நடை டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பார். இருபது நிமிஷத்துக்குள் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு அறுபத்து நாலுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் வளையத்தைவிட்டு வெளியே வந்து நாற்பது நிமிஷம் ஓய்வு, பிறகு அடுத்த சுற்று. இறங்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். துடிப்பு இறங்கும்வரை குதிரை வளையத்தைவிட்டு நகரக்கூடாது. எவ்வளவு வேகமாக வந்தாலும் நெஞ்சு அடங்காத குதிரைக்கு அங்கே மரியாதை இல்லை.

விடிந்ததும் மூன்று பேரும் கிளம்பினார்கள். ஊசியம்மாவின் வீட்டுக்காரர்தான் இரண்டு குதிரைகளையும் ஒரே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் வாளி, ஸ்பாஞ்சு, துண்டு எல்லாம் இரண்டிரண்டாக எடுத்து வைத்துக் காத்திருந்தார். இருவருக்கும் பொதுவான மனிதர், பாவம்.

முதல் சுற்றிலேயே மருந்துக்கடைக்காரரின் வெள்ளைக் குதிரை நொண்டியது. குளம்பில் கல். டாக்டர் போதும் என்றுவிட்டார். "எனக்கும் போதும் டாக்டர், இதோட முடிச்சுக்கறேன்" என்றார் அவர். ஏற்றிப்போக வண்டி வர மதியம் ஆகும் என்பதால், தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிழலில் குதிரையைக் கட்டிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டுத் தூங்கிப்போனார்.

இரண்டாவது சுற்றில் ஓடையைக் கடக்கும்போது கருப்பன் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. "நீங்க போங்கக்கா. இவன் குடிச்சு முடிக்கட்டும்" என்றாள் சின்னவள். ஊசியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் யாருடைய முதுகும் தெரியவில்லை.

ஏழு நிமிஷம் முந்தி வந்து சேர்ந்தாள். நாலே நிமிஷத்தில் செவலையின் துடிப்பு அறுபதுக்கு இறங்கியது. டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். செவலையை வெளியே கொண்டுவந்து தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் கருப்பன் வருவது தெரிந்தது.

ஊசியம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியும். கொட்டகையிலிருந்து செவலையை வெளியே கொண்டுபோனால் கருப்பன் கதவை உதைக்கும், கத்தும், வியர்த்து வழியும். லாடம் அடிக்கக் கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். அறுபது குதிரை நின்ற காலத்தில் இது யாருக்கும் தெரிய நியாயமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குதிரை நிற்கும், எந்தக் குதிரைக்கும் தனிமை தெரியாது. இன்றைக்கு இந்த மைதானத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்பது செவலை ஒன்றுதான்.

"வெயிலா இருக்கு. இவளை நிழலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"இங்கயே நிழல் இருக்கே" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க வேலையைப் பாருங்க."

செவலையைத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மருந்துக்கடைக்காரர் குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார். செவலையும் சமர்த்தாக நின்றது.

கருப்பன் வளையத்துக்குள் வந்ததும் சுற்றும் முற்றும் பார்த்திருக்க வேண்டும். ஒரு கனைப்புக் கேட்டது. பிறகு இன்னொன்று. டாக்டர் எண்ணைச் சொல்வது லாரிக்குப் பின்னால் வரை தெளிவாகக் கேட்டது. எழுபத்து நாலு. கொஞ்ச நேரம் கழித்து எழுபது. அப்புறம் எழுபத்தாறு. செவலை காதை நிமிர்த்தியது, பதில் சொல்ல வாயெடுத்தது. ஊசியம்மா ஒரு கை புல்லை அள்ளி அதன் வாயில் திணித்தாள்.

"அக்கா!" என்று சின்னவளின் குரல் கேட்டது. "செவலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொண்டு வாங்களேன்!"

ஊசியம்மா நகரவில்லை. லாரி பக்கத்தில் மோட்டார் ஓடியது, காதில் விழவில்லை என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம். மோட்டார் ஓடவில்லை. அது அவளுக்கும் தெரியும். இரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பாள். சின்னவள் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

இருபதாவது நிமிஷத்தில் அறுபத்தெட்டு. நாலே நாலு துடிப்பு அதிகம். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். சின்னவள் சேணத்தை அவிழ்த்து, கருப்பனை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடங்காத குதிரையை அங்கே கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பார்கள்.

கடைசிச் சுற்று இருபது கிலோமீட்டர். ஊசியம்மா தன்னந்தனியாகக் கிளம்பினாள். முதல் ஐந்து கிலோமீட்டர் மனசு துள்ளியது. தகடு போயிற்று. அந்தப் பக்கத்துச் சுவரில் எதுவும் தொங்கப் போவதில்லை. முதலிடம் நமக்குத்தான். பத்தாவது கிலோமீட்டரில் துள்ளல் நின்றுபோனது. முந்துவதற்கு முன்னால் ஆள் இல்லை, முந்திவிடுவார்களோ என்று பயப்படப் பின்னாலும் ஆள் இல்லை. வேகமாகப் போனாலும் முதலிடம்தான், நடந்துபோனாலும் முதலிடம்தான். செவலை அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தது. கனைத்தது. "என்னடி உனக்கு?" என்று அவள் அதட்டினாள். பக்கத்து மேட்டிலிருந்து யாரும் பதிலுக்குக் கனைக்கவில்லை.

முடிவுக் கோட்டில் சங்கத்தின் செயலாளர் கடிகாரத்தோடு நின்றிருந்தார். கை தட்டினார். வீட்டுக்காரரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். அவ்வளவுதான் கூட்டம். தண்ணீர் லாரிக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. மருந்துக்கடைக்காரரின் வண்டி வந்து வெள்ளைக் குதிரை கிளம்பிப் போயிருந்தது.

செவலையை வளையத்துக்குள் நிறுத்தினார்கள். எழுபத்தாறு. "இறங்கிடும்" என்றாள் ஊசியம்மா. ஐந்து நிமிஷம் கழித்து எழுபத்து நாலு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள், ஸ்பாஞ்சால் துடைத்தார்கள். செவலை தலையைத் தூக்கிக்கொண்டு வளையத்துக்குள்ளேயே சுற்றியது. தொண்டை கிழியக் கத்தியது. பத்தாவது நிமிஷத்தில் எழுபத்தெட்டு.

"ரொம்ப வேகமா வந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நடத்திக்கிட்டுத்தான் வந்தேன் டாக்டர். இவளுக்கு இப்படி ஆனதே இல்ல."

துடிப்பு இறங்காவிட்டால் முதலிடம் இல்லை. முதலிடம் என்ன, ஓட்டத்தை முடித்த கணக்கே இல்லை. பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. பதின்மூன்று ஆயிற்று. இருபத்தாறு வருஷம் மற்றவர்களின் கையைப் பிடித்த கையால் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் குளம்புச் சத்தம் கேட்டது. அந்தக் கோடிக் கொட்டகையிலிருந்து சின்னவள் கருப்பனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஓடிவரவில்லை, நிதானமாகத்தான் வந்தாள். வளையத்துக்குள் நுழைந்து செவலைக்குப் பக்கத்தில் கருப்பனை நிறுத்தினாள். இரண்டும் மூக்கை மூக்கால் முகர்ந்தன. செவலை நீளமாக ஒரு மூச்சுவிட்டுத் தலையைத் தாழ்த்தியது. சின்னவள் யார் முகத்தையும் பார்க்காமல் கருப்பனின் பிடரியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாவது நிமிஷத்தில் அறுபத்தாறு. பதினெட்டில் அறுபது.

"சரி, முடிச்சாச்சு" என்றார் டாக்டர்.

ஊசியம்மா கேட்டாள்: "செவலைக்கு இப்படி ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வேலைக்குப் போனப்புறம்தானேக்கா நான் இவனை வெளியே கூட்டிட்டுப் போவேன்? அப்ப கொட்டகையில இவ போடுற கூப்பாடு நீங்க கேட்டதில்ல. மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேக்கும். இவனாவது பரவாயில்ல, இவதான் மோசம். காலையில அந்த வெள்ளைக் குதிரை பக்கத்துல நின்னதாலதான் இவ..."

சின்னவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். ஊசியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் தான் ஏன் செவலையை லாரிக்குப் பின்னால் கொண்டுபோனோம் என்பது சின்னவளுக்குத் தெரியும். கூப்பிடும்போதே தெரியும். தெரிந்துதான் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

இந்த இடத்தில் ஊசியம்மா வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வெட்கம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது அதே பழைய எரிச்சல். கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே. இருபது நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் சரிக்குச் சரியாகப் போயிருக்கும். அதையும் விடாமல் வந்து நின்று, இதிலும் முந்திவிட்டாளே.

கோப்பையை வாங்கும்போது செயலாளர் சொன்னார்: "சந்தோஷம்மா. ஆனா மருந்துக்கடைக்காரர் இனி வரமாட்டேன்னுட்டார். நீங்க ரெண்டு பேர்தான் மிச்சம். மூணாவது ஆள் கிடைக்கலைன்னா இந்த ஓட்டத்துக்கு இதுதான் கடைசி."

"கருப்பன் எப்படி டாக்டர்?" என்று ஊசியம்மா கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. பயம்தான் அவனுக்கு. இன்னும் ஒரு வருஷம் ஓடுவான். அதுக்கு மேல வேண்டாம்."

திரும்பிப் போகும்போது வண்டியின் முன்சீட்டில் மூன்று பேர். வீட்டுக்காரர் ஓட்டினார், சின்னவள் ஜன்னலோரம், ஊசியம்மா நடுவில். மடியில் கோப்பை. பின்னால் டிரெய்லரில் இரண்டு குதிரைகளும் சத்தமே இல்லாமல் வந்தன. பெரிய சாலையில் ஏறியதும் வீட்டுக்காரர், "என்ன ரெண்டு பேரும் வாயே திறக்கலை? ஒருத்தராவது ஜெயிச்சிருக்கீங்கல்ல?" என்றார். சின்னவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது ஊசியம்மா சாலையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்க்கா" என்றாள் சின்னவள்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் காலை ஏழு மணிக்கே வரிசை. முதலில் வந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியம்மா ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசியைக் குத்தும் நேரத்தில் கேட்டாள்:

"உங்களுக்குக் குதிரை ஏறத் தெரியுமா?"

அவர் திருதிருவென்று விழித்தார். "ரத்தம் எடுக்கறதுக்கு அதெல்லாம் தெரியணுமாம்மா?"

"தெரியலைன்னா நான் சொல்லித் தர்றேன். வருஷத்துக்கு ஒரு நாள்தான். குதிரைக்கும் நானே ஏற்பாடு பண்றேன்."

அவர் பஞ்சை அழுத்திக்கொண்டு வேகமாக எழுந்து போனார். இரண்டாவது ஆளுக்கு முழங்கால் வலி. மூன்றாவது வந்த பெண்ணுக்கு நாயைக் கண்டாலே பயம். அறுபத்தோரு பேரில் ஒவ்வொருவராகக் கழன்றபோது உள்ளுக்குள் எண்ணிச் சந்தோஷப்பட்டவள், இப்போது ஒரே ஒரு ஆளுக்காக வருகிறவர் போகிறவரையெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஆள் கிடைத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த வருஷம் செவலையைக் கருப்பனுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இவளே நிற்பாள். சின்னவள் தகடு வாங்குவாள். எல்லாம் அக்கா கத்துக்கொடுத்தது என்று ஊர் முழுக்கச் சொல்வாள். அந்தப் பக்கத்துச் சுவரில் ஆணி அடிக்கும்போது இந்தப் பக்கத்துச் சுவரில் காரை உதிரும். தினமும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இவள் படுத்து எழுந்திருக்க வேண்டும். வயிறு எரியும், நன்றாக எரியும்.

எரியட்டும் என்று சொல்லிக்கொண்டு, புது ஊசியைப் பிரித்தாள்.

"அடுத்தது யாரு? வாங்க. கையை நீட்டுங்க. குதிரை ஏறத் தெரியுமா?"